துரை பங்களாவும் லயன் அறையும்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் எம்மவருள் வசதி பெற்றோரிடையே ஒரு புதுப் பழக்கம் வேரூன்றி வருகின்றது. நியூ ஜேர்சி, ரெக்சாஸ், கலிபோர்னியா எங்கணுமிருந்து செல்வோர், மலையகத்தில் வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பங்களாக்களில் ஓரிரு நாள் தங்கி வந்து அதனைப் பெருமையுடன் பேசுகின்றனர். காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய பங்களாக்கள் சில 2005 ஆம் ஆண்டு முதல் சொகுசு விடுதிகளாகியுள்ளன. குளிருக்குக் கணப்பு, மாலையில் தேநீர், சுற்றிலும் பூந்தோட்டம். இளைப்பாறுவதில் தவறேதுமில்லை. ஆயினும், அத்தேயிலையைப் பறித்தோர் வாழும் லயன்களைப் பற்றி எவரும் வாய் திறக்கக் காணோம்.

இவ்விடயத்தில் அயர்லாந்து மக்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. அங்கும் நிலக்கிழார்களின் நாட்டுப்புற மாளிகைகள் பல இன்று விருந்தினர் தங்கும் இல்லங்கள். விடுதலைப் போரிலும் அதனையடுத்த உள்நாட்டுப் போரிலுமாக இருநூறுக்கும் மேற்பட்டவை எரியூட்டப்பட்டன. ரொஸ்கொமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்ரவுண் மாளிகையோ தப்பி நின்றது. பெரும் பஞ்சத்தின் நடுவே, 1847 இல், அதன் உரிமையாளர் டெனிஸ் மஹோன் தம் குடியானவர் 1490 பேரை டப்ளின் வரை நடத்திக் கப்பலேற்றினார். கனடாவை நோக்கிய அப்பயணத்தில் மிகப் பலர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979 இல் அம்மாளிகையை வாங்கிய உள்ளூர் வணிகர், பஞ்சகாலக் கடிதங்களும் மன்றாட்டு மனுக்களும் அங்கே கிடக்கக் கண்டார். அவர் அவற்றை எரிக்கவில்லை, விற்கவுமில்லை. 1994 இல் குதிரை லாயத்திலேயே பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. துரையின் விருந்து மண்டபத்தைக் காண வருவோர், பசித்தவன் எழுதிய மனுவையும் அதே வளவில் வாசிக்கின்றனர்.

நியூ ஜேர்சி அன்பர்கள் ஹட்சன் ஆற்றைக் கடந்தாலே போதும். மன்ஹாட்டனில் 2002 இல் அமைந்த அயர்லாந்துப் பஞ்ச நினைவிடத்தில், மேயோ மாவட்டத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த கூரையற்ற கல்வீடொன்று நிற்கின்றது. மாளிகையன்று, குடியானவன் வீடு!

எமது மலையகத்தின் கதை இதனிலும் குறைந்ததா? கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தோருள் இடைவழியில் மடிந்தோர் ஏராளம். எஞ்சியோரின் பரம்பரையிடமிருந்து 1948 இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அதனையொட்டிய பிளவிலேதான் 1949 இல் தமிழரசுக் கட்சி பிறந்தது என்பதை வடபுலத்தவராகிய நாம் மறத்தலாகாது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை தாமதித்தது. வீட்டையும் வளவையும் இழந்து அகதிகளாய் வந்த நாமே, துரையின் கட்டிலில் படுத்துக்கொண்டு லயனைக் கண்டும் காணாதிருத்தல் எவ்வகையில் முறையாகும்?

கம்பளைக்கு அண்மையில், பழைய பீகொக் தோட்டத்து லயனொன்றிலேயே 2007 இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. பங்களாவுக்குச் செல்வோர் ஒரு பகற்பொழுதை அதற்கும் ஒதுக்கலாம். தங்கும் பங்களாவின் முகாமையாளரிடம், இத்தோட்டத்தின் பழைய செக்றோல் புத்தகங்கள் எங்கேயென்று கேட்டும் பார்க்கலாம். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.