எலிசபெத் பகடைக்காயா?

இடைக்கால இங்கிலாந்தின் வாரிசுப் பெண்கள் வெறும் பகடைக்காய்களாம். சான்றுக்கு எலிசபெத் டி கிளேரை நிறுத்துகிறார் ஒரு கட்டுரையாளர். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு எழுந்துபோனால் எப்படி?

1314இல் பானக்பர்ன் போரில் அண்ணன் கில்பர்ட் மடிய, அவரது குளோஸ்டர் சொத்து எலிசபெத் உட்பட மூன்று சகோதரிகளுக்குப் பங்கானது. 1316இல் எலிசபெத்தைப் பிரிஸ்டலிலிருந்து ஒருவர் தூக்கிச் சென்று மணந்தார். 1322க்குள் எலிசபெத் அடுத்தடுத்து மணந்த மூன்று கணவர்களும் இறந்தார்கள். அக்காள் கணவர் டெஸ்பென்சரே நிலத்தைப் பறித்தார். எல்லாம் உண்மைதான்.

அதன்பின்? டெஸ்பென்சர் கொடிகட்டிப் பறந்தபோதே, 1326 மே மாதம், நடந்த அநியாயத்தை எழுதிப் பதிந்துவைத்தார் எலிசபெத். பகடைக்காய் பத்திரம் எழுதுமா? டெஸ்பென்சர் வீழ்ந்ததும் வேல்ஸின் அஸ்க் நிலத்தை மீட்டார். 1360இல் சாகும்வரை மறுமணம் செய்யவில்லை. கேம்பிரிட்ஜில் தள்ளாடிய ஒரு கல்லூரியைத் தன் பணத்தால் நிமிர்த்தி, 1359இல் விதிகளும் வகுத்தார். அது இன்றும் கிளேர் கல்லூரிதான்.