ஈர்க்கும் டோர்ச்சும் இருந்தால் நான்காம் பரிமாணமும் புரியும்



தெமோதரை ரயில் வளைவை வரைபடத்தில் பாருங்கள். பாதை தன்னைத்தானே வெட்டிக்கொண்டு போகும். நேரில் அப்படி இல்லை. ஸ்டேஷன் மேலே, சுரங்கம் அதற்கு நேர் கீழே. தாளில் உயரம் என்ற ஒரு பரிமாணம் குறைந்ததால் கண் ஏமாறுகிறது.

நான்கு பரிமாண உருவங்களும் நம்மை இப்படித்தான் குழப்புகின்றன. ஈர்க்கினால் ஒரு சதுரமுகி கட்டுங்கள். ஒரு முகத்தைச் சுவருக்கு நேரே பிடித்து, கிட்ட வைத்து ஃபோன் டோர்ச்சை அடியுங்கள். நிழலில் பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரம் தெரியும். மெல்லத் திருப்பினால் சின்னது பெரிதாகும், பெரியது சுருங்கும். ஆனால் கையிலுள்ள ஈர்க்கு ஒன்றும் நீளவில்லை.

நான்கு பரிமாணச் சதுரமுகியின் நிழலோ, சதுரமுகிக்குள் சதுரமுகி. கணினியில் அது சுழலும்போது உள்ளே இருப்பது வெளியே வருவதும் இதே கதைதான். அதன் 16 உச்சிகளும் 32 விளிம்புகளும் அப்படியேதான் இருக்கும்.

பல்கலைக்கழகம் போகாத அலீசியா பூல் ஸ்டொட் என்ற பெண், இளவயதில் மரக்கட்டைகளை அடுக்கிப் பழகித்தான் இதில் தேறினார். 1914இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

ஆகவே, "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் ஓடாது" என்ற பேச்சை நாம் ஏற்கவே கூடாது. கரும்பலகைப் படம் வெறும் நிழல். முதலில் பொருளைப் பிள்ளையின் கையில் கொடுப்போம். ஸ்மார்ட் போர்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கரண்ட் போன இரவில் இந்தப் பாடம் இன்னும் நன்றாக நடக்கும்.