அடுப்படி யாருடைய பொறுப்பு?

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன அன்றே, தோழர்களே, அந்த வீட்டில் எல்லோருடைய வேலையும் மாறிவிடுகிறது. நோய் ஒருவருக்கு, மாற்றம் அத்தனை பேருக்கும்!

ஆலைக்குப் போகிறவன் படுத்தால் ஊர் பதறுகிறது. நாலு பேர் வருகிறார்கள், நன்கொடை திரட்டுகிறார்கள். சட்டமும் துணை நிற்கிறது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு; புற்றுநோய் போன்ற நெடுநோய் என்றால், உரிய பணிக்காலம் உள்ளவர்க்கு இரண்டாண்டு வரை 80 விழுக்காடு. பிச்சையல்ல அது, அவன் கூலியில் பிடித்த காசும் அதில் இருக்கிறது.

அவன் மனைவி படுத்தால்?

மருத்துவம் குடும்பத்தாருக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் நீளும். கூட்டிப் போகிறவனின் அன்றாடக் கூலிக்கு யார் பொறுப்பு? நோயுற்ற தொழிலாளிக்குப் பண உதவி உண்டு. நோயாளியைத் தாங்கும் தொழிலாளிக்கு இல்லை.

ஆகவே என்ன நடக்கிறது? பத்தாவது படிக்கும் மகளின் புத்தகப் பை பரண் ஏறுகிறது. தம்பி பள்ளிக்குப் போகிறான். அக்காள் உலை வைக்கிறாள். யாரும் உத்தரவு போடவில்லை. போடாமலே நடக்கிறதே, அதுதான் கொடுமை! தாய் தேறி எழுந்த பிறகும் அந்தப் பை இறங்காத வீடுகள் உண்டு.

மகள் இல்லாத வீட்டில் நோயாளியே எழுகிறாள். மருந்து ஏற்றிய மறுநாள், தாளிப்பு வாடையே குமட்டுகிற உடம்போடு, கணவனுக்குக் குழம்பு கூட்டுகிறாள். அவரோ மேடையில் பெண் விடுதலை பேசுபவர். வீட்டில் உப்பு எந்தச் சாடியில் என்று அறியாதவர். (பெயர் சொல்லமாட்டோம், பல வட்டச் செயலாளர்கள் தம்மைத்தான் சொல்கிறோம் என்று கோபித்துக்கொள்வார்கள்.)

சமைப்பது ஆணுக்கு இழுக்காம்! கல்யாணப் பந்திக்குச் சமைப்பவன் யார்? ஓட்டலில் தோசை வார்ப்பவன் யார்? கூலி தந்தால் ஆணின் தொழில், தராவிட்டால் பெண்ணின் கடமை என்பது எந்த ஊர் நியாயம்? கஞ்சியைக் குழைய வடிக்க, காரமில்லாத மோர்ச்சோறு பிசைய, தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைக்க ஒரு வாரம் போதும், தோழரே, கற்றுக்கொள்ளலாம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லை. 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. வீட்டுக் கவலையைப் பொது வேலையாக்கிய செயல் அது. நம் தொழிற்சங்கங்களும் அதைச் செய்யலாம். அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, போனசுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: குடும்பத்தாரின் நெடுநோய்ச் சிகிச்சைக்கு, கூலியோடு விடுப்பு. அது கிடைக்கும் வரை, அப்படிப்பட்ட தோழருக்காக ஷிப்டு மாற்றிக்கொள்ள நிர்வாகத்தின் ஒப்புதலைக் கேட்டுப் பெறுங்கள். அவர் மகள் பள்ளிக்குப் போகிறாளா என்பதையும் கிளைக் கூட்டத்தில் விசாரியுங்கள்.