சமூகப் பணிப் பட்டமும் அதன் ஊதியமும்: நிலைப்பாட்டு அறிக்கை

எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் ஈராண்டுச் சமூகப் பணி முதுநிலைப் படிப்பு, அதற்காகச் செலவிட்ட பணத்தையும் காலத்தையும் ஈடுசெய்யும் வருவாயைத் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளுக்குத் தருகிறதா என்று பெற்றோரும் மாணவர்களும் தொடர்ந்து கேட்டு வருகின்றனர். சமூகப் பணியாளர்களின் சங்கம் என்ற முறையில் இவ்வமைப்பின் நிலைப்பாடு பின்வருமாறு: ஒரு பணியிடத்தையும் அதற்குரிய கல்வித் தகுதியையும் சட்டமே வரையறுத்திருக்கும் துறைகளில் இப்பட்டம் பயன் தருகிறது, திட்ட நிதியையும் நன்கொடையையும் நம்பியிருக்கும் துறைகளில் பெரும்பாலும் தருவதில்லை. எனவே குறைந்த ஊதியத்தைப் பட்டதாரியின் திறமைக் குறைவாகவோ, தொண்டுள்ளம் படைத்தோர் ஏற்றுக்கொள்ள வேண்டிய இயல்பான விலையாகவோ கருதுவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை.

சட்டத்தின் துணை எத்தகைய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்குத் தொழிற்சாலையே தெளிவான சான்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஒவ்வொரு தொழிற்சாலையும் நல அலுவலரை, அதாவது தொழிலாளரின் குறைகளையும் உணவகம், ஓய்வறை போன்ற வசதிகளையும் கவனிக்கும் அலுவலரை, அமர்த்த வேண்டும் என்று விதித்தது. அவருக்குரிய தகுதிகளை வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் நிறுவிய சமூகப் பணிப் பள்ளி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களில் தொழிலாளர் நலப் பிரிவும், பின்னர் அதிலிருந்து வளர்ந்த மனிதவளப் பிரிவும் வேலைவாய்ப்புள்ள பிரிவுகளாக நிலைபெற்றதற்கு இந்த ஒரு சட்டப்பிரிவு பெரிதும் காரணமாக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 500 என்ற வரம்பை 250 ஆகக் குறைத்திருப்பதால், இவ்வாய்ப்பு நடுத்தர ஆலைகளுக்கும் விரிகிறது.

குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் நிலை இதற்கு நேர்மாறானது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இயங்குகிறது. கைவிடப்பட்ட குழந்தையின் குடும்பச் சூழலை நேரில் ஆராய்ந்து சமூக விசாரணை அறிக்கை எழுதுவது, இல்லத்திலிருந்து வீடு திரும்பிய குழந்தையைத் தொடர்ந்து கண்காணிப்பது ஆகியவை அதன் அன்றாடப் பணிகள். ஆனால் மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' வழிகாட்டு நெறிமுறைகள் அந்த அலகின் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் நிர்ணயித்துள்ள தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய். தொகுப்பூதியம் என்பது அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் தானாகச் சேராத, ஒப்பந்தக் காலத்துக்கு மட்டுமான ஊதியம் ஆகும். மேலும், சமூகப் பணியாளர் பணியிடத்துக்கு இளநிலைப் பட்டமே போதும் என்பதால், அங்கே முதுநிலைப் படிப்பின் இரண்டு ஆண்டுகளுக்குத் தனி மதிப்பு ஏதுமில்லை. ஒருவர் 10 விழுக்காடு வட்டியில் 3 லட்சம் ரூபாய் கல்விக் கடன் பெற்று ஏழு ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 5,000 ரூபாயாகும். வெளியூரில் வாடகைக்குத் தங்கி 18,536 ரூபாயில் வாழ்பவர், தம் வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக வங்கிக்கே செலுத்த நேரிடும்.

தொண்டு நிறுவனங்களில் ஊதியம் தேங்கி நிற்பதற்கு அந்நிறுவனங்களின் மனப்போக்கை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்ததோடு, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்குப் பகிர்வதையும் தடை செய்தது. பெரிய அமைப்புகளிடமிருந்து நிதி பெற்று வந்த சிற்றூர் நிறுவனங்களுக்கு அந்த வழி அடைபட்டது. நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்நிதி பெரும்பாலும் குறுகிய காலத் திட்டங்களாகவே வருகிறது. கட்டடமும் கருவியும் நிழற்படத்தில் தெரிவதுபோல் ஒரு குடும்பத்தோடு ஓராண்டு உழைத்த பணியாளரின் உழைப்பு தெரிவதில்லை.

மருத்துவத் துறையில் சற்று நம்பிக்கை உண்டு. 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மற்றப் பிரிவினரில் பெரும்பாலோருக்கோ, வழக்கறிஞர்களுக்கு இருப்பதுபோன்ற பதிவும் உரிமமும் வழங்கும் சட்டபூர்வக் குழுமம் எதுவும் இந்தியாவில் இல்லை. அதனால் பட்டம் பெறாத ஒருவரும் தம்மைச் சமூகப் பணியாளர் என்று அழைத்துக்கொள்ளத் தடையில்லை, குறைந்தபட்ச ஊதியம் கோரிப் பேசப் பட்டதாரிக்குப் பிடிமானமும் இல்லை.

இந்நிலையில், குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் தொகுப்பூதியம் அகவிலைப்படியோடு இணைக்கப்பட வேண்டும் என்றும், விசாரணை அறிக்கை எழுதும் பொறுப்புள்ள பணியிடங்களுக்குச் சமூகப் பணிப் பட்டம் கட்டாயத் தகுதியாக்கப்பட வேண்டும் என்றும் இவ்வமைப்பு அரசைக் கோருகிறது. சமூக மேம்பாட்டுப் பிரிவையோ குழந்தை நலப் பிரிவையோ நாடும் மாணவர், அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை பெருங்கடன் எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது என்பதையும், இத்தொழிலின் மீதுள்ள பற்று குறையாமலேயே, வெளிப்படையாகக் கூறுகிறது. கல்லூரிகள் மனிதவளப் பிரிவு மாணவர் பெறும் உயர் ஊதியத்தை எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான விளம்பரமாகக் காட்டுவதை நிறுத்தி, ஒவ்வொரு பிரிவின் முதல் ஆண்டு ஊதியத்தையும் சேர்க்கைக்கு முன்பே தனித்தனியாக வெளியிட வேண்டும். வாரத்தில் குறிப்பிட்ட நாள்களை மருத்துவமனையிலோ குடிசைப் பகுதியிலோ கழிக்கும் களப்பணி இப்படிப்பின் உயிர்நாடி என்பதால், அதற்கான பேருந்துக் கட்டணத்தையும் மதிய உணவையும் மாணவர் தம் கையிலிருந்து செலவிடும் வழக்கம் மாறி, கல்லூரியோ களப்பணி ஏற்கும் நிறுவனமோ அச்செலவை ஏற்க வேண்டும்.