மூணு உயிர் போதும்

அக்கா பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான். "மாமா, உங்க காலத்துல வீடியோ கேமெல்லாம் இருந்துச்சுங்களா?"

'உங்க காலத்துல'வாம்! நான் என்ன, கரிகாலனோடு படித்தவனா? "இருந்துச்சுடா, கான்ட்ரா" என்றேன். யூடியூபில் தேடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "என்னங் மாமா இது, ஆளுக்கு மூஞ்சியே இல்லை!"

மூஞ்சி எதுக்குங்க? 1990-களின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் டி.வி. கேம் கடை இருந்தது. மணிக்குப் பத்து ரூபாய். கேசட் ஓடாவிட்டால் கழற்றி, வாயருகே வைத்து 'ஃபூ' என்று ஊதிச் சொருகுவோம். உடனே ஓடும். (ஊதினதால் இல்லை, கழற்றி மாட்டினதால்தான் ஓடியது என்று ரொம்ப வருஷம் கழித்துப் படித்தேன். மனசு உடைந்து போச்சு.)

ரெண்டாவது ஜாய்ஸ்டிக் எப்போதும் என் சினேகிதனுக்கு. பெயர் வேண்டாம்.

கான்ட்ராவில் மூணே உயிர். ஒரு தோட்டா பட்டால் ஒரு உயிர் காலி. முதல் ஸ்டேஜைத் தாண்டவே முழி பிதுங்கியது. அப்புறம் ஒரு புண்ணியவான் மந்திரம் சொல்லிக் கொடுத்தான். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. முப்பது உயிர்! மந்திரத்தின் ரிஷி, ஜப்பானில் கோனாமி கம்பெனியின் கஸுஹிஸா ஹாஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' என்ற கேமைச் சோதித்துப் பார்க்கும்போது அவராலேயே ஆட முடியவில்லையாம். தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அதை எடுக்காமலே கேம் வெளியே வந்துவிட்டது. அப்புறம் கான்ட்ராவுக்கும் வந்து சேர்ந்தது.

முப்பது உயிரோடு ஒரே வாரத்தில் எட்டு ஸ்டேஜையும் முடித்தோம். அத்தோடு ருசி போச்சு. செத்தால் என்ன, இன்னும் இருபத்தொன்பது இருக்கே என்று ஆடுகிறவனுக்குக் குதிக்கிறதில் என்ன சுகம்? மறுபடி மூணு உயிருக்கே வந்து சேர்ந்தோம்.

1985-ல் வந்த சூப்பர் மேரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்த நாலு அடியில் எதிரே ஒரு குட்டிக் காளான் தலையன் நடந்து வருவான். குதிக்கத் தெரியாதவன் அவனிடம் முட்டிச் செத்துத்தான் குதிக்கக் கற்றுக்கொள்வான். செத்தது என் தப்பு, அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். கேம் பிடித்துப்போவது இதனால்தான் சார். 1984-ல் மாஸ்கோவில் பஜித்னவ் எழுதிய டெட்ரிஸும் அப்படியே. 'அந்த நீளக் குச்சியைத் தப்பா வெச்சுட்டேனே' என்ற ஆதங்கத்தில் இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம் என்று ராத்திரி போய்விடும். நம் திண்ணைகளின் ஆடு புலி ஆட்டத்திலும் ஆடு வெட்டுப்பட்டால் புலியைத் திட்ட முடியுமா? நகர்த்தினது நம்ம கை.

அக்கா பையன் ஆடும் கேமில் தோற்றவுடன் ஒரு பெட்டி வருகிறது. காசு கட்டினால் நல்ல துப்பாக்கி தருமாம். "கட்டுனா ஜெயிச்சரலாமுங் மாமா."

அப்ப ஆடுறது நீயா, உங்கப்பா சம்பளமா?

சிரிக்கிற விஷயமில்லை. கொரோனா சமயத்தில் என் சினேகிதன் ஆன்லைன் ரம்மியில் விழுந்தான். கான்ட்ரா ஆடினவனாச்சே, இந்த ஆட்டத்தில் விட்டதை அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்ற அதே நம்பிக்கை. இங்கே ஒவ்வொரு உயிருக்கும் ரூபாய் என்பதுதான் வித்தியாசம். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் தனியாக ஆடினான். "தம்பி, மணி ஆச்சு, கிளம்புங்க" என்று டி.வி.யை அணைக்கக் கடைக்கார அண்ணன் இல்லை. லேத் பட்டறைக்கு வாங்கின கடன் போச்சு. அவன் வீட்டம்மா தாலிக்கொடி போச்சு. எனக்குத் தெரிந்தது ஒன்றரை வருஷம் கழித்து, அவங்க சொல்லி. அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆபீஸ், பிரமோஷன் என்று ஓடிக்கொண்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பட்டறையை அதற்கு முன்பே விற்றாகிவிட்டது.

அதே ஞாயிறு சாயங்காலம் அவனை வரச்சொன்னேன். அக்கா பையன் எப்படியோ கான்ட்ராவை டி.வி.யில் ஏற்றி, ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் மாட்டி வைத்திருந்தான். மந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூணாவது ஸ்டேஜ் அருவி. ஆடினவர்களுக்குத் தெரியும். பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருத்தன் அவசரப்பட்டு ஏறினால் ஸ்க்ரீன் அவனோடு நகர்ந்துவிடும், கீழே நிற்கிறவன் காலி. அந்தக் காலத்தில் அருவியில் அவனை நான் எத்தனை தடவை கொன்றேன் என்று கணக்கே இல்லை. "என்றா அவசரம் உனக்கு?" என்று மண்டையில் கொட்டுவான்.

இந்தத் தடவை ஒரு பாறையில் நின்றேன்.

"ஏன்டா நிக்கறே? போ!"

"மெதுவா வா."

அதற்குள் மேலிருந்து ஒரு பாறாங்கல் குதித்து வந்து என் தலையில் விழுந்தது. அவன் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அடுத்த ஆட்டம் எனக்குங்" என்றான் பையன். செல்போன் சோபாவில் கிடந்தது.