பாசிக்கு மருந்து விக்கறவங்களுக்கு

மீன் தொட்டியில் பாசி என்று கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ரெண்டே பதில்தான். ஒரு பாட்டில் மருந்து, இல்லையென்றால் 'டேங்க் கிளீனர்' மீன். முதலாவது உங்கள் காசுக்குக் கேடு, ரெண்டாவது ஊருக்கே கேடு. இதுதான் என் கட்சி.

முதலில் செடிகளைப் பார்ப்போம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் வைப்பது அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன். பெரும்பாலும் மர நிழல் விழும் ஓடைகளில் மெதுவாக வளர்கிற ஜாதி. அனுபியாஸ் மாதத்துக்கு ஒன்றிரண்டு இலை விட்டாலே பெரிய விஷயம். பழைய இலை மாதக்கணக்கில் அப்படியே நிற்பதால் பாசி வந்து உட்கார நேரமோ நேரம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவையும் இவை வேகமாக உறிஞ்சாது. இதுகளுக்கு மேலே பளீரென்று எல்.ஈ.டி. போட்டு 12 மணி நேரம் எரியவிட்டால்? செடிக்குத் தேவைப்படாத வெளிச்சம் பாசிக்கு விருந்து!

சரி, பாட்டிலுக்கு வருவோம். 'திரவ கார்பன்' என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தப்படுத்தும் கிருமிநாசினி அது. பாசியைக் கொல்லும்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சம் அப்படியே இருந்தால் பாசியும் திரும்பி வரும், நீங்களும் கடைக்குத் திரும்பிப் போவீர்கள். தாமிரம் கலந்த மருந்தென்றால் தொட்டியில் இருக்கும் இறாலும் காலி.

அந்த 'கிளீனர்' மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும், தின்பதைவிட அதிகமாகக் கழியும். அப்புறம் என்ன செய்வார்கள்? ஏரியில் விடுவார்கள். இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது, கரைகளில் வளை தோண்டுகிறது.

இதற்கெல்லாம் பதிலாகச் செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். டைமர் போட்டு வெளிச்சத்தை 6 மணி நேரமாகக் குறையுங்கள். ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கைப்பிடி ஹைட்ரில்லாவை மிதக்க விடுங்கள், நிழலும் தரும், கழிவையும் உறிஞ்சும். பாசி அப்பிய இலையை வெட்டி எறியுங்கள். மீனுக்குத் தீனியைக் குறையுங்கள்.

பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும். மெதுவாக வளரும் செடியை ஆசைப்பட்டு வாங்கியவருக்கு அந்தப் பொறுமைகூட இல்லையென்றால் எப்படி? ஏற்கெனவே கிளீனர் மீன் வாங்கியவர்கள் தயவுசெய்து கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.