களவுப் படியும் கலைப் பயிற்சியும்

தையற்காரருக்குக் கத்தரிக்கோல் எப்படியோ, படம் எடுப்பவருக்குத் தொகுப்புக் கருவியும் அப்படியே. எடுத்த காட்சிகளை வெட்டி, ஒட்டி, ஒலி சேர்த்து, எழுத்திட்டு முழுமையாக்க உதவுவது அக்கருவியே. 1989-இல் அமெரிக்காவின் அவிட் நிறுவனம் கணினிவழித் தொகுப்பு முறையை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, அது தொழில்முறை நிலையங்களுக்கு மட்டுமே எட்டுவதாயிருந்தது. இன்றோ வீட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் அப்பணி எளிதாக நடைபெறுகின்றது. திருமணத்தையும் தைப்பூசக் காவடியையும் பள்ளி நாடகத்தையும் காணொளியாகத் தொகுத்து மகிழும் ஆர்வலர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெருகியுள்ளனர். தமிழ்ப்பள்ளி மாணாக்கரும் அவ்வரிசையில் சேர்ந்துவிட்டனர்.

மகிழத்தக்க வளர்ச்சியே இது. ஆயினும் இதன் வேரில் ஓர் அழுகல் உண்டு. ஆர்வலர் பலரின் கணினியில் இருப்பது விலை கொடுத்து வாங்கிய மென்பொருளன்று. பூட்டுடைக்கப்பட்ட களவுப் படி. முன்னர் இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் குறுவட்டாகக் கிடைத்தது, இன்று இணையத்திலிருந்து இறக்கப்படுகின்றது. ஏனென்று வினவினால், “விலை கட்டுப்படியாகவில்லை, கற்பதற்குத்தானே பயன்படுகிறது” என்னும் மறுமொழி ஆயத்தமாக உள்ளது. இம்மறுமொழியைக் கூறுவோருள் ஆசிரியரும் உளர் என்பதே வேதனை. காலையில் திருக்குறளின் கள்ளாமை அதிகாரத்தை மனனம் செய்வித்துவிட்டு, மாலையில் அதே மாணாக்கரிடம் களவுப் படியை விரலியில் இட்டுக் கொடுப்பது எவ்வகைக் கல்வி? மாணாக்கன் எதனைக் கற்றுக்கொள்வான்? செய்யுளையா, ஆசிரியரின் செயலையா?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொண்டு காக்கின்றது. தம் நூலை ஒருவர் இசைவின்றி அச்சிட்டால் எழுத்தாளர் கொதித்தெழுகின்றனர், அது நியாயமே. அந்நியாயம் நிரல் எழுதுவோர்க்கு மட்டும் இல்லாது போவதெப்படி?

விலையைப் பற்றிய முறையீடு முற்றும் பொய்யென்று கூறுவதற்கில்லை. 2012-இல் வெளிவந்த அடோபி பிரிமியர் பதிப்பு 799 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. ஒருமுறை வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். 2013-இல் அந்நிறுவனம் புதிய பதிப்புகளை விற்பதை விடுத்து, வாடகை முறைக்கு மாறியது. ஆண்டு ஒப்பந்தத்தில் மாதத்திற்கு ஏறத்தாழ 23 அமெரிக்க வெள்ளி என்றால், ஓராண்டுக்கு 276 வெள்ளி. மூன்றாண்டு வாடகை பழைய விலையைத் தாண்டிவிடும். வாடகை நின்றால் கருவியும் நின்றுவிடும். ஆண்டில் இரு விழாக்களை மட்டும் தொகுக்கும் ஆர்வலருக்கு இது பெருஞ்சுமை. இம்முறையைக் கண்டிப்பதில் தவறில்லை. ஆனால், வாடகை மிகுதி என்று கூறிப் பூட்டை உடைத்துக் குடியேறுவோரை எவரும் பாராட்டுவதில்லை.

இலவசமாக நல்ல கருவி கிடைக்கவில்லை என்பதும் இன்று செல்லாத வாதம். திரைப்படங்களுக்கு நிறம் திருத்திய டாவின்சி நிறுவனத்தை 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. 2011 முதல் ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பை அளித்து வருகின்றது. பள்ளி விழாவிற்கும் குறும்படத்திற்கும் அப்பதிப்பே மிகுதி. கேடன்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் ஆகியவை இன்னும் ஒருபடி மேலானவை. அவை குனு பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. அவற்றைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது குற்றமன்று. அவ்வுரிமமே அதற்கு இசைவளிக்கின்றது. ஆசிரியர் தம் மாணாக்கருக்கு விரலியில் இட்டுக் கொடுக்கத்தக்கவை இவையே.

“ரிசால்வுக்கு வலுமிக்க கணினி வேண்டுமே” என்பர். உண்மை. கேடன்லைவும் ஷாட்கட்டும் அத்துணை வலிமையை வேண்டுவதில்லை. பெரிய காட்சிகளுக்குச் சிறிய பதிலிப் படி செய்து தொகுக்கும் வசதியும் அவற்றில் உண்டு. “தொழில் உலகம் வேறொன்றையன்றோ பயன்படுத்துகின்றது” என்பர் வேறு சிலர். காட்சியை எங்கே வெட்டுவது, முகத்தை எத்துணை நேரம் காட்டுவது, மௌனத்தை எங்கே வைப்பது என்பனவே கலை. அவற்றை எந்த நிறுவனத்தின் முத்திரையும் கற்பிப்பதில்லை.

இலவசம் யாவும் நிலைத்தது என்று எண்ணுதலும் பிழை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000-இல் அளித்த மூவி மேக்கர், 2017 சனவரியில் நிறுத்தப்பட்டது. உரிமையாளர் கொடுத்ததை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம். பொது உரிமத்தின்கீழ் ஒருமுறை வழங்கப்பட்ட பதிப்பையோ எவரும் இவ்வாறு பறித்துக்கொள்ள இயலாது.

தமிழருக்கு இன்னொரு கவலையும் உண்டு. ‘கை’ என்னும் எழுத்தைக் கணினி சேமிக்கும்போது, மெய்யெழுத்து முதலிலும் ஐகாரக் குறி பின்னரும் நிற்கும். திரையில் காட்டும்போது குறி முன்னே வரல் வேண்டும். இம்மாற்றத்தை அறியாத மென்பொருளில் தமிழ்த் தலைப்புகள் சிதைந்து தோன்றும். விலை உயர்ந்த பிரிமியரிலேயே தெற்காசிய எழுத்துகளுக்கென உள்ள அமைப்பைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதனை அறியாமல், குறிகள் இடம் மாறிய தலைப்போடு படத்தை வெளியிடும் தமிழர் எத்தனை பேர்! ஆகவே விலை மட்டும் அளவுகோலாகாது. தமிழைச் செம்மையாகக் காட்டுகின்றதா என்பதே முதல் தேர்வு.

கணினியில் தமிழை ஏற்றியவர் பெரும்பொருளுக்குக் காத்திருக்கவில்லை. 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அம்மண்ணில் வாழும் தமிழாசிரியர், இலவசத் தொகுப்புக் கருவி ஒன்றிற்குத் தமிழில் எளிய கையேடு எழுத இயலாதவரா? ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் மலேசியாவில் உள்ளன. பள்ளிக்கு ஒருவர் ஒரு பாடம் எழுதினும் நூல் நிறைந்துவிடுமே!

செய்யவேண்டியவை மூன்று. பள்ளிக் கணினிகளிலுள்ள களவுப் படிகளை ஆசிரியர் தாமே முன்வந்து நீக்குதல் வேண்டும். குறும்படப் போட்டி நடத்தும் சங்கங்கள், நேர்மையான கருவியால் தொகுக்கப்பட்டது என்னும் உறுதிமொழியைக் கேட்டுப் பெறல் வேண்டும். பயிற்சிப் பட்டறைகளில் பொது உரிமக் கருவிகளையே கற்பித்தல் வேண்டும். களவுப் படியோடு தொடங்கும் மாணாக்கன், பிறர் உழைப்புக்கு விலையில்லை என்றே கற்கின்றான். நாளை அவனே ஒரு படம் எடுத்து, அதைப் பிறர் களவாடும்போது, எந்த வாயால் நீதி கேட்பான்? அவ்வினாவிற்கு விடை சொல்ல வேண்டியவர், அவனுக்கு முதற்படியைக் கொடுத்த ஆசிரியரே.